தைப்பிங்கில் ஒரு தாய்மாமன்

செங்கல்பட்டு
18 ஜனவரி 2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கை அன்பரசிக்கு அண்ணன் ஞானதாஸ் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி மேரியும் நன்றாக இருக்கிறோம். என் சர்க்கரை மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கிறது. உன் முழங்கால் வலி எப்படி? ஷாரோன் சுகமா?

போன் இருக்கும்போது ஏன் தாளில் எழுதி, படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ அம்மாவை நினைத்து அழ ஆரம்பிப்பாய், கேட்ட விஷயம் அப்படியே நிற்கும். என் வியாபாரத்திலும் வாயால் சொல்லும் ஆர்டரை நான் எடுப்பதில்லை. நீயும் எழுதியே அனுப்பு.

விஷயம் இதுதான். பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஜூன் மாதம் ஷாரோன் கல்யாணத்துக்கு நான் மலேசியா வருகிறேன். பூஞ்சேரியில் சிற்பப் பட்டறைகளுக்கு மரப்பெட்டி அடித்துக் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து என் பெட்டியில் படுத்துக்கொண்டு எத்தனையோ பிள்ளையார் பினாங்குக்குப் போய்விட்டார். பெட்டி அடித்தவன் மீனம்பாக்கத்தைத் தாண்டியதில்லை. ஜெபக்குமார் மச்சான் இறந்தபோது கொரோனாவில் எல்லா நாடும் கதவைச் சாத்தியிருந்தது. உன் வீட்டுச் சாவை நான் போனில் பார்த்தேன். அதிலும் பாதியில் சிக்னல் போய்விட்டது. இந்தக் கல்யாணத்தையும் போனில் பார்க்க மாட்டேன்.

அப்பா இல்லாத பெண். கோயில் வாசலில் அவளுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப் போகவேண்டியவன் தாய்மாமன். சீர்த் தட்டு நம் வீட்டிலிருந்து வரும். கையை நான் பிடிப்பேன். உங்கள் பங்குச் சாமியாரிடம் இப்போதே என் பெயரைச் சொல்லி வை.

ஷாரோனுக்குப் பட்டு என்ன நிறம் பிடிக்கும்? எழுது.

உன் அண்ணன்,
ஞானதாஸ்


தைப்பிங்
27 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு அன்பரசியின் வணக்கம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். போனில்தான் அழுவேன் என்று நினைத்தாயா? தாளிலும் அழுதேன். முழங்கால் பரவாயில்லை. மழை பெய்தால் வலிக்கும், தைப்பிங்கில் மழை பெய்யாத நாளைத் தேட வேண்டும். ஷாரோன் கிளினிக் வேலைக்குப் போய் வருகிறாள். மாப்பிள்ளை ஜெரோம் நல்ல பிள்ளை, சத்தமாகப் பேசக்கூடத் தெரியாது.

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானம் இருக்கிறது. விசா வேண்டாம். வருவதற்கு முன்னால் ஆன்லைனில் ஒரு பதிவு போட வேண்டும், அதை ஷாரோன் பார்த்துக்கொள்வாள். பினாங்கிலிருந்து தைப்பிங் வர ஒன்றரை மணி நேரம். எதிர்க்கடை லிம் தன் வேனைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். காபிக்கடை வைத்திருக்கும் சீனர். ஓரளவு தமிழ் பேசுவார், பேச்சுக்குப் பின்னால் இந்த ஊர்ப் பழக்கப்படி ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். உன் மச்சானுக்கு நெருங்கிய சிநேகிதர்.

மணத்தக்காளி வற்றல் கொண்டு வா. கருவாடு வேண்டாம், விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள். குடை கட்டாயம்.

அண்ணிக்கு என் முத்தம்.

அன்பரசி


செங்கல்பட்டு
16 பிப்ரவரி 2025

இயேசுவுக்கே புகழ்.

அன்பரசிக்கு, உன் கடிதம் கிடைத்தது. நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும்.

நிறம் சொல்லாததால் நானும் மேரியும் காஞ்சிபுரம் போய் அரக்குச் சிவப்பில் எடுத்துவிட்டோம். கடைக்காரர் விலையைச் சொன்னதும் மேரி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். அப்புறம் விலை இறங்கியது. அவளை எங்கே அழைத்துப் போனாலும் லாபம்தான், ஆனால் விமானத்துக்கு மட்டும் வரமாட்டாளாம். "கீழ தரை இல்லாத இடத்துல எனக்கு இன்னா வேலை?" என்கிறாள். பெட்டி அடிக்கும் யார்டைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். மறைமலைநகர் கம்பெனிகளிலிருந்து பழைய மரம் ஏற்றி வரும் லாரி எனக்காக நிற்காது.

டிக்கெட் போட கூடுவாஞ்சேரி பன்னீர்செல்வத்திடம் போனேன். டிராவல்ஸ் வைத்திருக்கிறானே, அவன்தான்.

"அண்ணாத்த, மொத தபா வெளிநாடு போறே. தங்கச்சி வூட்லயே குந்திகினு வந்துட்டா எப்டி? லங்காவி, கெந்திங் எல்லாம் ஒரு ரவுண்டு அட்ச்சிட்டு வா."

"யோவ், நான் சீர் செய்யப் போறேன்யா."

"சீர் ஒரு நாளு. மிச்ச நாளுக்கு இன்னா பண்ணுவே? மயய எண்ணிகினு இருப்பியா?"

தைப்பிங் மழை இவன் வரை தெரிந்திருக்கிறது. போக வர டிக்கெட் மட்டும் போடச் சொன்னேன்.

சாமியாரிடம் என் பெயரைச் சொன்னாயா? வாசலில் மாலை போடுவது பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டு எழுது. நாலு பேர் முன்னால் தடுமாறக் கூடாது.

ஞானதாஸ்


தைப்பிங்
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். தவக்காலம் ஆரம்பித்துவிட்டது. சர்க்கரையை வைத்துக்கொண்டு ஒருசந்தி இருக்கிறேன் என்று பட்டினி கிடக்காதே.

பட்டு அழகாக இருக்கிறது. ஷாரோன் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெட்டி எடையை ஒருமுறை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடு.

அண்ணா, ஒரு யோசனை. கல்யாண நேரத்தில் வீடு முழுக்க ஆட்களாக இருப்பார்கள். நீ முதல் முறை வருகிறாய், உன்னைச் சரியாகக் கவனிக்க முடியாது. ஆகஸ்டில் வந்தால் நிதானமாக இருக்கலாம். ஏரிப் பூங்கா, மலை, பினாங்கு எல்லாம் நானே கூட்டிப் போவேன். அண்ணியையும் பேசிச் சம்மதிக்க வைக்கலாம். யோசித்துப் பார்.

அன்பரசி


செங்கல்பட்டு
11 மார்ச் 2025

அன்பரசி,

நலம்.

முப்பது வருஷமாக ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். வாங்க மனமில்லாதவன் விலையைப் பற்றிப் பேசமாட்டான், மரத்தின் நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான். சாமியாரைப் பற்றி இரண்டு முறை கேட்டேன். நீ குடையைப் பற்றியும் பெட்டி எடையைப் பற்றியும் எழுதுகிறாய். இப்போது ஆகஸ்டில் வா என்கிறாய். கல்யாணம் ஜூனில் இருக்க, மாமன் ஆகஸ்டில் வந்து யார் கையைப் பிடிப்பது?

கல்யாணத்தில் ஏதாவது சிக்கலா? மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது கேட்கிறார்களா? உன் உடம்புக்கு ஏதாவதா? எதுவாக இருந்தாலும் நேராகச் சொல். நான் உன் அண்ணன்தானே, மூன்றாம் மனுஷனா?

பதில் வரும் வரை வேறு எதுவும் எழுத மாட்டேன்.

ஞானதாஸ்


தைப்பிங்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் படித்துவிட்டேன் என்று நீல டிக் காட்டிக்கொடுத்திருக்கும். நாலு வாரமாகப் பதில் இல்லாமல் நீ எப்படி இருந்திருப்பாய் என்று தெரியும். எழுதி எழுதிக் கிழித்தேன். கல்யாணத்தில் சிக்கல் இல்லை. என் உடம்புக்கும் ஒன்றுமில்லை.

உன் மச்சான் போன அன்று இங்கே ஊரடங்கு. ஜொகூரில் இருக்கும் அவருடைய தம்பிகளால்கூட மாநிலம் தாண்டி வர முடியவில்லை. வீட்டில் நானும் ஷாரோனும், கோயிலிலிருந்து சம்பூர்ணம் அம்மாவும், பெட்டி தூக்க நாலு பேரும். லிம் கடையைப் பூட்டிவிட்டு வந்து வாசலிலேயே நின்றார். பெட்டியை மூடும் நேரத்தில் சம்பூர்ணம் அம்மா, "பொறந்த வூட்டுக் கோடி எங்க? அண்ணன் தம்பி கோடி போடாம எப்டி எடுக்கறது?" என்று கேட்டார்கள்.

அண்ணா, நீ அப்போது போனுக்குள் இருந்தாய். உன் முகம் திரையில் அப்படியே உறைந்து நின்றது. துணிக்கடை எதுவும் திறந்திருக்கவில்லை.

"தங்கச்சி, என்ன வேணும்?" என்று வாசலிலிருந்து லிம் கேட்டார். பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுத் துணி வர வேண்டும் என்றேன். ஓடினார். கடை மேசைக்கு விரிக்க வாங்கி வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தார். விலைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை.

"இது போட்டா என்ன அர்த்தம்?" என்றார்.

"போட்டவர் என் கூடப் பிறந்தவர்னு அர்த்தம்."

"சரி லா," என்றார். என் தோளில் போர்த்தினார். அதற்கப்புறம்தான் பெட்டியை எடுத்தார்கள்.

போன வருஷம் ஷாரோனுக்கு நிச்சயம் ஆனதும் அவர்தான் முதலில் வந்தார். "அன்னைக்கு மேசைத் துணி. இந்தத் தடவை நல்ல துணி நான் வாங்குறேன், தங்கச்சி" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "நீங்கதான் மாமன், கையைப் பிடிச்சு நீங்கதான் கூட்டிப் போகணும்" என்று வார்த்தை கொடுத்துவிட்டேன். நீ வருவாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. சாமியாரிடம் சொல்லியிருப்பதும் அவர் பெயர்தான்.

உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் குடையைப் பற்றி எழுதினேன்.

அன்பரசி


செங்கல்பட்டு
7 ஏப்ரல் 2025

அன்பரசி,

படித்தேன்.

அவர் செய்ததற்கு நன்றி சொல்கிறேன். பணிந்து சொல்கிறேன். ஆனால் துணி போட்டது அவசரத்துக்கு. பிறந்த வீடு உயிரோடு இருக்கும்போது, பட்டெடுத்துத் தட்டு வாங்கி வைத்திருக்கும்போது, கோயிலில் நான் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒரு காபிக்கடைக்காரர் என் மருமகளைக் கூட்டிப் போவதைப் பார்க்க வேண்டுமா? ஊரில் என்னவென்று சொல்வேன்?

பன்னீர்செல்வத்திடம் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். பட்டைக் கூரியரில் அனுப்புகிறேன்.

பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

ஞானதாஸ்


செங்கல்பட்டு
பாஸ்கா ஞாயிறு, 20 ஏப்ரல் 2025

அன்பான அன்பரசிக்கு, அண்ணி மேரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. உயிர்ப்பு விழா வாழ்த்து. உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

பட்டு கூரியரில் போகவில்லை. இரண்டு முறை கட்டினார், இரண்டு முறை பிரித்தார். மனுஷர் பேசுவதே இல்லை. யார்டில் ஆட்களிடம் மட்டும் கத்துகிறார். நேற்று ராஜேந்திரன் ஆணி அடித்தது கோணல் என்று ஒரு பெட்டியையே பிரிக்கச் சொன்னார். கோணல் பெட்டியில் இல்லை என்று ராஜேந்திரனுக்குக்கூடத் தெரியும்.

இன்று பூசை முடிந்து சோறு போடும்போது நானே ஆரம்பித்தேன்.

"இன்னாத்துக்கு இப்டி மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறீங்க? உங்கள யாரு இன்னா சொல்லிட்டாங்க?"

"எவனோ ஒருத்தன் என் எடத்துல நிக்கிறான். நான் சிரிச்சிகினு நிக்கணுமா?"

"அந்த எடத்துல அன்னிக்கி நின்னாரே, அப்ப எவனோ ஒருத்தன்னு தோணலியா? எழவுக்குத் துணி போட ஆளு வேணும், கல்யாணத்துக்கு மாலை போட மட்டும் நாம போவணும். இது இன்னா ஞாயம்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சோத்தப் போடு."

"போட்டாச்சு. தின்னுங்க."

சாப்பிடாமல் எழுந்துபோனார். கொஞ்ச நேரத்தில் வந்து, "கொயம்பு இன்னும் கீதா?" என்று கேட்டார். கரைந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் நான் உறுதி சொல்ல மாட்டேன். கல்லு மாதிரி ஆளு.

நீ மனசை விட்டுவிடாதே.

மேரி


தைப்பிங்
3 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ கேட்டபடியே ஆகிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ வரவில்லை என்று அழுதுகொண்டிருந்த ஷாரோன் லிம்மிடம் சொல்லிவிட்டாள். அன்றைக்கே வந்தார். பினாங்கில் வாங்கிய ஒரு பட்டுப்புடவையை மேசைமேல் வைத்தார்.

"அண்ணன் இருக்கும்போது நான் எப்படி? அண்ணன்தான் லா. இது சும்மா கல்யாணப் பரிசு, மாமன் துணி இல்ல. நான் பின்னால உக்காந்துக்குறேன்."

நான் பேச வாயெடுப்பதற்குள் கிளம்பிவிட்டார். கதவருகில் திரும்பி, "அண்ணனுக்கு வேன் வேணும்தானே? நான் ஏர்போர்ட் வரேன்" என்றார். மறுநாள் காலை வழக்கம்போலக் காபி அனுப்பினார். தான் கொண்டுவரவில்லை. பையனிடம் கொடுத்தனுப்பினார்.

சாமியாரிடம் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். மாலை பாட்டுக்கு முன்னால். நீ வா, அண்ணா. நீயே பிடி.

அன்பரசி


செங்கல்பட்டு
5 மே 2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கைக்கு, எல்லோரும் நலம். இதைப் பொறுமையாகப் படி.

உன் கடிதம் வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டதே. அன்று ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை. ஒருவருக்குப் பேசிக் கொடுத்த சரக்கை இன்னொருவர் வந்து கேட்டார் என்று மாற்றிக் கொடுப்பவனை நாங்கள் வியாபாரி என்றே சொல்வதில்லை. நீ பேசிக் கொடுத்ததைத்தான் நான் பிடுங்கியிருக்கிறேன். அவரும் சண்டை போடாமல் விட்டுக்கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதனால் என் முடிவைச் சொல்கிறேன். சீர்த் தட்டு பிறந்த வீட்டுடையது. அது என் கையில் வரும், அதில் பேச்சே இல்லை. காஞ்சிபுரப் பட்டை ஷாரோன் கோயிலுக்குக் கட்டட்டும், அவருடைய பினாங்குப் பட்டை வரவேற்புக்குக் கட்டட்டும். மேரி இரண்டின் படத்தையும் பார்த்து அவருடையதுதான் நல்ல தேர்வு என்கிறாள். அவள் வாயை அடைக்க என்னால் முடியாது. மாலை போடுவதும் கையைப் பிடிப்பதும் லிம். சாமியாரிடம் மறுபடியும் போய்ப் பெயரை மாற்று. கோபித்துக்கொண்டால் அண்ணன் கிறுக்கன் என்று சொல்.

டிக்கெட் கதையைக் கேள். வெட்கத்தோடு பன்னீர்செல்வத்திடம் போய், ரத்தானதைத் திரும்பப் போட முடியுமா என்றேன்.

"ரத்தா? எத ரத்து பண்ண? நீ கோவத்துல சொல்றதயெல்லாம் கேட்டா நான் கட நடத்த முடியுமா அண்ணாத்த? டிக்கெட் அப்டியே கீது. போய்ட்டு வா."

லிம்முக்கு இடுப்பளவு என்ன? ஒட்டிக்கோ வேட்டி வாங்கி வருகிறேன். பழக்கமில்லாதவரைச் சாதா வேட்டியில் அவ்வளவு தூரம் நடக்க விடக் கூடாது.

ஞானதாஸ்


தைப்பிங்
16 ஜூன் 2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள மேரிக்கு, நான் சுகம். சர்க்கரையை மட்டும் கேட்காதே. இங்கே காபியில் டின் பால் ஊற்றுகிறார்கள், வேண்டாம் என்றால் லிம்முக்கு முகம் வாடுகிறது. மறைமலைநகர் லாரி வந்ததா? ராஜேந்திரனைத் திட்டாதே, அவனைத் திட்டுவது என் வேலை.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேட்பாய், அதனால் எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். குள்ளமான மனுஷர், தலை முழுக்க நரை. வேனில் ஒன்றரை மணி நேரமும் இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசினோம். கடைசியில் அவரே, "அண்ணன், நிஜமா நான்தானா?" என்று கேட்டார். "நீங்கதான்" என்றேன். அப்புறம் ஒரு கையால் வண்டி ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் கண்ணைத் துடைத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. "ரோட்டப் பாருங்க" என்றேன்.

சனிக்கிழமை கோயில் வாசலில் தட்டோடு நான் நின்றேன். ஷாரோன் காரிலிருந்து இறங்கினாள். நம் அரக்குப் பட்டு. பெண் தேர் மாதிரி இருந்தாள். லிம் மாலையைப் போட்டார். அதுவரை சரியாகத்தான் இருந்தார். ஆர்கன் ஆரம்பித்ததும் மனுஷர் சிலை மாதிரி நின்றுவிட்டார். கோயிலுக்குள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"அண்ணன், எந்தக் கை?"

முந்தின நாள்வரை ஒத்திகை பார்த்தவர். எல்லாம் மறந்துவிட்டது.

எனக்கு ஒரு நிமிஷம் என்னவோ செய்தது, மேரி. உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. நான் ஓர் அடி முன்னால் வைத்திருந்தால் போதும், கை என்னிடம் வந்திருக்கும். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவரே சந்தோஷப்பட்டிருப்பார்.

தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, ஷாரோன் கையை எடுத்து அவர் கையில் வைத்தேன். "வலது கை. மெதுவா நடங்க. நான் பின்னாடியே வரேன்" என்றேன்.

நடந்தார். நான் தட்டோடு பின்னால் போனேன். பீடத்துக்கு முன்னால் ஜெரோமிடம் கையை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். எங்கே உட்கார்வது என்று தெரியவில்லை. பின்னால் கடைசிப் பெஞ்சைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். அதற்குள் நான் தட்டை வைத்துவிட்டு முதல் பெஞ்சில் அன்பரசி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து அவர் வேட்டி முனையைப் பிடித்து இழுத்தேன். ஒட்டிக்கோ வேட்டி 'பர்ர்'ரென்று பாதி பிரிந்தது. அன்பரசி சிரிக்க ஆரம்பித்தாள். மச்சான் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து ஷாரோனே பார்த்ததில்லையாம். நான் நகர்ந்து, எனக்கும் அவளுக்கும் நடுவில் அவருக்கு இடம் விட்டேன். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பூசை முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

நாளைக்கு என்னை மலைக்குக் கூட்டிப் போகிறாராம். டிசம்பரில் செங்கல்பட்டு வரலாமா என்று கேட்டார். முறைப்படி உனக்குக் கொழுந்தன், சோறு போடுவாயா என்று கேட்கச் சொன்னார். போடுவாள், ஆனால் கூடவே திட்டும் விழும் என்று சொல்லியிருக்கிறேன்.

மாத்திரை தீர்வதற்குள் வந்துவிடுவேன். கதவைச் சரியாகத் தாழ் போட்டுப் படு.

உன்,
ஞானதாஸ்